சிக்குன்குனியா காய்ச்சல் விட்டது, மூட்டுவலி விடவில்லை: அடுத்த சில மாதங்களுக்கு என்ன செய்யலாம்?

காய்ச்சல் நின்று எட்டாவது நாள் காலையில் அம்மா காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்து, ஒரு விரலைக்கூட மடக்காமல், மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனார். விரல்கள் மடங்கவில்லை. மணிக்கட்டு இரண்டும் வீங்கி வளையல் சதையில் பதிந்திருந்தது. "காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் ஏன் இப்படி முடக்குது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆறாவது நாளில் இருந்து என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வந்தது. எனக்கு மூன்று வாரத்தில் சரியானது, அத்தைக்கு நான்கு மாதம், அம்மாவுக்கு ஒரு வருடத்தைத் தாண்டியது. ஒரே வீடு, ஒரே வாரம், ஏன் ஒரே கொசுவாகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் மூன்று பேருக்கும் மூன்று கணக்கு. இப்போதுதான் காய்ச்சல் விட்டு, வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பவர்களுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இதில் இருப்பவை டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் வீட்டில் செய்து பார்த்துப் பிடிபட்டதும்தான், உங்கள் டாக்டர் சொல்வதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

முதலில் பெயரைப் பற்றி. நம்மூரில் பலரும் இதைச் சிக்கன் குனியா என்றே சொல்கிறார்கள், அதனால் கோழிக்கறி சாப்பிடலாமா என்ற கேள்வி இன்றும் வருகிறது. கோழிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1952-ல் இன்றைய தான்சானியாவின் தெற்கே மக்கொண்டே மக்கள் வாழும் பீடபூமியில் இந்தக் காய்ச்சல் பரவியபோது, வலியில் உடம்பு வளைந்து போவதைக் குறிக்க அவர்கள் மொழியில் சொன்ன சொல்தான் சிக்குன்குனியா. தமிழில் குனிவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும், இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, ஆனாலும் அந்த ஒலி ஒத்துப்போவது எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும். இந்தியாவுக்கு 1963-ல் கல்கத்தாவிலும் அடுத்த வருடம் சென்னை, வேலூர் பக்கமும் வந்தது. 1973-க்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஓய்ந்து கிடந்து, 2005 கடைசியில் திரும்ப வந்து, 2006-ல் மட்டும் நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தேக நோயாளிகளாகக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் முழுத் தெருவும் நொண்டி நடந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆகவே உங்களுக்கு இருப்பது புது வியாதியும் இல்லை, மனப்பிரமையும் இல்லை.

காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள்

இதுதான் முதல் வேலை, இன்றைக்கே செய்யுங்கள். தினசரிக் காலண்டரில் அந்தத் தேதியைக் கிழிக்காமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது. காய்ச்சல் நின்ற தேதி வேண்டாம், தொடங்கிய தேதிதான் கணக்கு. டாக்டர்கள் இதை மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள்: முதல் மூன்று வாரம், மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை, மூன்று மாதத்துக்கு அப்பால். எந்த மாத்திரை கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது, எந்தப் பரிசோதனைக்கு இப்போது அர்த்தம் உண்டு என்பதெல்லாம் நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "ஒரு மாசமா வலிக்குது டாக்டர்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கும் "இன்னைக்கு 47-வது நாள்" என்று சொல்வதற்கும் கிடைக்கும் கவனிப்பில் வித்தியாசம் இருப்பதை நானே பார்த்தேன்.

அதே நோட்டில் தினமும் ஒரு வரி போதும். காலையில் எழுந்ததும் கை கால் இறுக்கம் எத்தனை நிமிடத்தில் தளர்ந்தது, எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, எந்த மாத்திரை எத்தனை போட்டீர்கள். வலி பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொன்னால் வயதானவர்கள் திணறுவார்கள், அதற்குப் பதில் அவர்கள் செய்யும் வேலையை எழுதுங்கள். அம்மாவின் நோட்டில் "பால் பாக்கெட் வெட்ட முடியலை", "சட்டினி அரைச்சேன், ஜாடி மூடி திறக்கலை" என்றுதான் இருக்கும். அது எந்த எண்ணை விடவும் தெளிவாக இருந்தது.

என்ன காய்ச்சல் என்பதற்கு ஒரு தாள் இருக்கட்டும்

நிறைய பேர் காய்ச்சலின்போது பரிசோதனை செய்திருக்க மாட்டார்கள், தெருவில் எல்லோருக்கும் வந்ததால் நமக்கும் அதுதான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். பரவாயில்லை. முதல் வாரத்தில் பிசிஆர் பரிசோதனையில் வைரஸே பிடிபடும், அதன் பிறகு ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் பரிசோதனை, அது மாதக்கணக்கில்கூட பாசிட்டிவ் காட்டும். இரண்டு மாதம் கழித்து ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் வைரஸ் இன்னும் உடம்பில் திரிகிறது என்று பயப்பட வேண்டாம், சமீபத்தில் வந்து போனதற்கான தடயம் அது. ஒருமுறை உறுதியான பிறகு மாதாமாதம் அதையே திரும்ப எடுத்துக் காசைச் செலவழிக்கவும் வேண்டாம்.

டெங்குவும் அதே கொசு, அதே பருவம். அதனால் ஆரம்பத்தில் டெங்கு இல்லை என்பது உறுதியாகும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையில் கை வைக்கக்கூடாது. ஏன் என்று அடுத்து.

வலி மாத்திரைகளில் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு, இந்த நோயில் அது ஆபத்து. பாராசிட்டமால் ஒரு வகை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் எல்லாம் இன்னொரு வகை, அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள். முதல் நாட்களில் பாராசிட்டமால் மட்டும்தான். டெங்குவாக இருந்துவிட்டால் இரண்டாவது வகை ரத்தக் கசிவைக் கூட்டிவிடும், ஆஸ்பிரினும் அப்படித்தான். வேறு காரணத்துக்காக ஆஸ்பிரின் ஏற்கெனவே போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

பாராசிட்டமால் 650 என்றால் பெரியவர்களுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் ஒன்று, நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் டாக்டர் சொல்லும் அளவு மட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, எங்கள் அத்தை அதில் மாட்டினார். அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை நம்மூரில் மிகச் சாதாரணம். அதைக் காலையும் இரவும் போட்டுவிட்டு, இது வலிக்கு, அது காய்ச்சலுக்கு என்று நினைத்துக்கொண்டு தனியாகப் பாராசிட்டமாலும் நான்கு வேளை போட்டுக்கொண்டிருந்தார். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று நோட்டில் எழுதிவிடுங்கள். பெயர் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம்.

டெங்கு இல்லை என்று தெரிந்து, காய்ச்சலும் விட்ட பிறகு, இரண்டாவது வகை மாத்திரைகள்தான் மூட்டு வீக்கத்துக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இவை ஒத்துவராமல் போகலாம், சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள். இந்த இரண்டாவது வகையிலேயே இரண்டு மாத்திரையை ஒன்றாகச் சேர்த்துப் போடாதீர்கள், வேகமும் கூடாது, புண்தான் கூடும். டாக்டர் பத்து நாளைக்கு எழுதினால் அந்தச் சீட்டை வைத்து மூன்று மாதம் வாங்கிக்கொண்டே இருப்பதும் வேண்டாம்.

ஊசியும் பொட்டல மாத்திரையும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வலி மூன்றாவது வாரத்தைத் தொடும்போது, பொறுமை எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில், யாராவது ஒருவர் வருவார். எங்களுக்கு அடுத்த தெரு அக்கா வந்தார். "அந்த ஊர்ல ஒருத்தர் ஒரே ஒரு ஊசி போடுறாரு, மறுநாளே எழுந்து கோலம் போட்டேன்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம், ஊசியோடு வெள்ளைக் காகிதத்தில் மடித்த சின்னச் சின்ன மாத்திரைகள், பெயர் இல்லை, அட்டை இல்லை. இரண்டு நாளில் அம்மா மாடிப்படி ஏறினார், வீடே சந்தோஷப்பட்டது. பன்னிரண்டாவது நாள் மாத்திரை தீர்ந்தது. பதினான்காவது நாள் முன்னைவிட மோசமாகப் படுத்தார், சர்க்கரை 280-ஐத் தாண்டியிருந்தது.

பெயர் சொல்லாமல் தரப்படும் அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டுதான் என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டு கெட்ட மருந்தே கிடையாது, இந்த நோயிலேயே சிலருக்குக் குறைந்த அளவில், குறிப்பிட்ட நாளுக்கு, படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் திட்டத்தோடு கொடுக்கிறார்கள். என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்காமல், எப்போது நிறுத்துவது என்ற கணக்கும் இல்லாமல் கொடுப்பதில்தான் ஆபத்து. நிறுத்தியதும் வலி திரும்ப எகிறும், அந்த எகிறலைப் பார்த்து மறுபடி அங்கேயே போவோம்.

ஆகவே எந்த ஊசி போட்டாலும் என்ன ஊசி என்று கேளுங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே பல வாரமாகப் பொட்டல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சுருண்டுவிடும். மிச்ச மாத்திரையைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு நல்ல டாக்டரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, குறைத்து நிறுத்துங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். நாங்கள் மறைக்கப் பார்த்தோம், அதில் ஒரு மாதம் வீணாகப் போனது.

காலையை எப்படித் தொடங்குவது

இந்த நோயில் நாளின் மிக மோசமான நேரம் விடியற்காலை. படுக்கையில் இருந்து காலை இறக்கிப் பாதத்தைத் தரையில் வைக்கும் அந்த நொடி, முள்மேல் நிற்பதுபோல இருக்கும். அலாரம் அடித்தவுடன் எழாதீர்கள். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் பத்து முறை, பிறகு வட்டமாக, பிறகு முழங்காலை மடக்கி நீட்டி, விரல்களை மூடித் திறந்து, மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றி, இப்படிப் பத்து நிமிடம். அப்புறம் எழுந்து, ஒரு வாளியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் இரண்டு கையையும் மணிக்கட்டு மூழ்க வைத்து, தண்ணீருக்குள்ளேயே விரலை மடக்கி நீட்டுங்கள். ஒரு சின்னக் கைக்குட்டையைத் தண்ணீருக்குள் போட்டுக் கசக்கிப் பிழிவது அம்மாவுக்குப் பிடித்த பயிற்சி. முதல் வாரம் துணி பாதிதான் பிழிபடும், நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆறாவது வாரம் ஒரு நாள் நன்றாக முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டார், சொட்டவில்லை. சர்க்கரையால் கை கால் மரத்துப்போகிறவர்களுக்கு மட்டும் தண்ணீரின் சூட்டை வேறு ஒருவர் கைவைத்துப் பார்த்துக் கொடுங்கள்.

சூடா, ஐஸா என்று எல்லோரும் கேட்பார்கள். மூட்டு வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் ஐஸ், ஒரு துணியில் சுற்றிப் பத்து பதினைந்து நிமிடம். வீக்கமும் சூடும் இல்லாமல் இறுக்கம் மட்டும் இருந்தால் வெந்நீர். கணுக்கால் வீக்கத்துக்கு மத்தியானம் அரை மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுப்பது பல நாள் மாத்திரையைவிட நன்றாகக் கேட்டது.

முழு ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கட்டிலிலேயே கிடந்தால் தசை இளைத்து, மூட்டு இன்னும் இறுகிவிடும். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மீறி வேலை செய்தால் மறுநாள் வீங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவுகோல் இருக்கிறது: ஒரு வேலையோ பயிற்சியோ செய்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி கூடுதலாகவே இருந்தால் அன்றைக்கு அளவு மிஞ்சிவிட்டது, அடுத்த நாள் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிறுத்த வேண்டாம். முறையாகப் பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபிஸ்டை இரண்டு மூன்று முறையாவது பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு இருக்கிறது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் செய்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கை விரலுக்கு மெழுகு ஒத்தடம் அங்கே வைத்தால் சொகுசாக இருக்கும், ஆனால் தினசரி பயிற்சியின் இடத்தை அது பிடிக்காது.

வீட்டில் மாற்றிக்கொள்ள வேண்டியவை

கீழே உட்கார்ந்து எழுவதுதான் பெரிய எதிரி. இந்திய பாணிக் கழிவறை மட்டும் இருக்கும் வீடென்றால் முதல் நாளே சர்ஜிகல் கடையில் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், வாடகைக்கும் சில ஊர்களில் கிடைக்கும். அதற்கு வெட்கப்பட்டு, கழிவறைக்குப் போகப் பயந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அது வேறு பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

குழாயின் திருகு பிடிக்கு மேல் துணி சுற்றுங்கள். கரண்டி, பல் தேய்க்கும் பிரஷ், சாவி இவற்றின் பிடியைப் பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பரோ துணியோ வைத்துத் தடிமனாக்கினால் விரலை முழுதாக மடக்க வேண்டியதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கும் வேலை, மாவுப் பாத்திரம், கேஸ் சிலிண்டர், இதெல்லாம் வேறு ஒருவர் கைக்குப் போகட்டும். வெறுங்காலில் தரையில் நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. பைக் ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், கிளட்சும் பிரேக்கும் முழுதாகப் பிடிக்க வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம் வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார், காய்ச்சல் இல்லை, கட்டு இல்லை. பத்து மணிக்கு மேல் இறுக்கம் தளர்ந்து ஓரளவு நடமாடவும் செய்வார். அதைப் பார்த்து, காலையில் நடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு வார்த்தை வந்தது, அம்மா அதற்குப் பிறகு வலிக்கிறது என்று சொல்வதையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டார்.

மூட்டுக்கு வெளியே வரும் தொல்லைகள்

அசதி வரும். காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில், துணி மடித்துவிட்டு மூச்சு வாங்கி உட்காரும் அசதி. நன்றாக இருக்கும் நாளில் சேர்த்து வைத்த வேலையெல்லாம் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நன்றாக இருக்கும் நாளிலும் பாதியில் நிறுத்துங்கள். அசதி மாதக்கணக்கில் நீண்டால் எல்லாவற்றையும் சிக்குன்குனியா தலையில் போட்டுவிடாமல் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அத்தைக்கு ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது.

சிலருக்கு மூக்கின்மேலும் கன்னத்திலும் கருமை படரும், இது இந்தக் காய்ச்சலில் அடிக்கடி பார்க்கும் அடையாளம், மாதங்களில் மெல்ல மங்கும், வெயிலில் முகத்தை மறைத்தால் போதும், கண்ட கிரீமும் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், எந்தப் பெரிய காய்ச்சலுக்குப் பிறகும் நடப்பதுதான், தானாக முளைக்கும். கை விரலில் இரவில் எறும்பு ஊர்வதுபோல மரமரப்பு இருந்தால் மணிக்கட்டில் வீக்கம் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு வேறு வழி உண்டு.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இருப்பதும் இந்த நோயோடு வருகிறது. வலி நீளும்போது மனம் தளர்வது இயற்கை, ஆனால் அதற்கும் உதவி தேடலாம். டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்று மாதம் தாண்டிவிட்டால்

90-வது நாளிலும் மூட்டு வீங்கி, காலை இறுக்கம் அரை மணி ஒரு மணி நேரம் நீடித்தால், இனி தானாகப் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எலும்பு டாக்டரிடம்தான் போகத் தோன்றும், ஆனால் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், மூட்டுவாத நிபுணர். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், காய்ச்சலின்போதே வலி கடுமையாக இருந்தவர்கள், இவர்களுக்கு நீள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

அங்கே அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதமா என்று பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். முடக்குவாதமும் இதுவும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், சிலருக்கு இந்தக் காய்ச்சல் உள்ளே பதுங்கியிருந்த முடக்குவாதத்தை வெளியே கொண்டுவந்துவிடும். ஆர்ஏ ஃபேக்டர் ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்று வந்ததைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு கட்டி உடைந்துபோகாதீர்கள், அதை மற்றதோடு சேர்த்துத்தான் படிப்பார்கள்.

சிலருக்கு மூட்டு அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதுவார்கள். அம்மாவுக்கும் எழுதினார்கள். இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து தடித்த எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, அப்படி நடந்தும் இருக்கிறது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, அந்த அட்டையை மற்ற மருந்து டப்பாவில் போடாமல் பீரோவில் தனியாக வைத்தோம். கூடவே ஃபோலிக் ஆசிட் வேறு நாளில், குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் இதைப் போடவே கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலன் தெரிய ஆறு எட்டு வாரம்கூட ஆகும், இரண்டாவது வாரத்தில் கேட்கவில்லை என்று நிறுத்த வேண்டாம்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்

காய்ச்சல் திரும்ப வந்தால், ஒரே ஒரு மூட்டு மட்டும் செக்கச்செவேலென்று சூடாக வீங்கி அசைக்கவே முடியாமல் போனால், கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினால், கால் மரத்துப் பலம் இழப்பது கீழிருந்து மேலே ஏறினால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், மலம் கறுப்பாகப் போவது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

சாப்பாடு, கஷாயம்

கோழி, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும், இளைத்த தசை மறுபடி தேறுவதற்குப் புரதம் தேவை. சைவம் என்றால் பருப்பு, சுண்டல், பால். பத்தியம் என்று கஞ்சியை மட்டும் வைத்து மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்பீர்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு சேர்ந்த சித்த மருந்து அது, காய்ச்சல் காலத்தில் அரசே கொடுத்தது. குடிக்க விருப்பமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் அளவு கேட்டுக் குடியுங்கள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நீளும் மூட்டு வீக்கத்தை அதை மட்டும் நம்பி விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. முத்திரையோ மூலப்பொருள் பட்டியலோ இல்லாத மூட்டுவலிச் சூரணம் எந்தப் பெயரில் வந்தாலும் வாங்காதீர்கள், பொட்டல மாத்திரைக்குச் சொன்னதுதான் அதற்கும்.

வலி திரும்பி வரும் நாட்கள்

நன்றாகிக்கொண்டே வந்து, ஒரு மழை நாளிலோ, ஒரு கல்யாண வேலைக்குப் பிறகோ திடீரென்று பழையபடி பிடித்துக்கொள்ளும். மறுபடி சிக்குன்குனியா வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், ஒருமுறை வந்தவர்களுக்கு மறுபடி தொற்றுவது அரிது, இது பழைய அழற்சி கிளறுவதுதான். நோட்டை எடுத்து முந்தின இரண்டு நாள் என்ன செய்தோம் என்று பாருங்கள், வேலையைப் பாதியாக்குங்கள், வெந்நீர்ப் பயிற்சிக்குத் திரும்புங்கள், டாக்டர் தேவைப்படும்போது போடச் சொன்ன மாத்திரை இருந்தால் அதை மட்டும் சில நாள் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே நின்றால் போய்க் காட்டுங்கள். அம்மாவுக்கு இப்படி நான்கு முறை வந்தது, ஒவ்வொரு முறையும் முந்தினதைவிட நாள் குறைந்தது, முதல் முறை பத்தொன்பது நாள், கடைசி முறை மூன்று நாள்.

நோட்டை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டோம், காலை இறுக்கம் என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் போகட்டும் என்றார். அம்மாவின் நோட்டில் கடைசியாக இருக்கும் வரி தை மாதத்தில் எழுதியது: "இன்னைக்கு கீழ உட்கார்ந்து கோலம் போட்டேன். பதினஞ்சு புள்ளி. எழும்போது மட்டும் வாசப்படியப் பிடிச்சேன்."